வாசலில் புதைத்த பல்

டாக்டர் சொக்கநாதனின் பல் மருத்துவமனை ஆரப்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்தது. பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு அங்கே சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் படிகள். ஏறி வருகிறவர்களின் காலடி என் மேசைக்குக் கேட்கும்.

சமயநல்லூர் காசிமாயனின் காலடி ஒன்பதாவது படியில் நின்றுவிடும். பிறகு மெதுவாக மேலே வரும். அறுபத்தாறு வயது. இடது தாடையைப் பிடித்தபடி, வேர்த்துப்போய் பெஞ்சில் உட்காருவார். அவர் முறை வருவதற்குள் வலி போயிருக்கும்.

நெஞ்சு நோய் சிலருக்குத் தாடையில் வலிக்கும் என்று படித்திருந்தேன். டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொத்தை என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்.

அடுத்த மாதம் காசிமாயன் மறுபடியும் வந்தார். பல் இருந்த இடத்தில் ஈறு மூடியிருந்தது.

“பல்லே இல்லாத எடத்துல வலிக்குது தாயி. டாக்டரு இன்னொண்ணப் புடுங்கணுங்கிறாரு. கறி திங்க ரெண்டாச்சும் விட்டு வைக்கச் சொல்லு.”

கூட வந்திருந்த அவர் மனைவி செல்லத்தாய் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணெல்லாம் வேணாம். புடுங்குன பல்லக் குடு தாயி. அது அடுத்தவுக பல்லுகளோட கெடந்து இவரக் கூப்புடுதாம். கோடாங்கி குறி பாத்துச் சொல்லிட்டாரு. வாசல்ல பொதச்சாத்தான் அடங்குமாம்.”

பிடுங்கிய பற்களை உள்ளறையில் ஒரு கண்ணாடிப் புட்டியில் மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தோம். அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

எது அவருடையது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கைக்கு வந்த ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கழுவி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து செல்லத்தாய் கத்திரிக்காய்ப் பையோடு மேலே வந்தாள்.

“பொதச்ச அன்னைக்கே வலி நின்னுருச்சு தாயி. பத்து நாளும் கட்டில விட்டு எறங்க விடல, கோடாங்கி உத்தரவு. பின்னாலயே வாராரு பாரு.”

படியில் காலடி கேட்டது. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தாவது கேட்கவில்லை.

ஓடினேன். காசிமாயன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“மறுபடி கூப்புடுது,” என்றார்.

“அம்மா, இது பல்லு இல்ல, நெஞ்சு. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“வாசல்ல ஒரு சூடம் பொருத்துனா அடங்கிரும். ஊருக்கே போறோம்.” அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள்.

“நான் குடுத்தது அவரு பல்லே இல்லம்மா! யாருதோ! அவருது புட்டியிலதான் கெடக்கு.”

அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. செல்லத்தாய் என்னையே பார்த்தாள். பிறகு படியிறங்கி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள்.

காசிமாயன் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் செல்லத்தாய் தனியாக வந்தாள். மண் ஒட்டிய காகிதப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“திருப்பிப் போட்டுரு தாயி. வெளக்கு வைக்கிற நேரமானா ஒரு பொம்பள வந்து வாசல்ல நிக்கிறா. எங்க ஊருக்காரி இல்ல. தாடையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, பேச மாட்டேங்கிறா.”

பல்லைப் புட்டியில் போட்டு மூடினேன்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் தாடையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பெண்களாக இருந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெயரை மட்டும் கேட்கிறேன். பதில் வரும்வரை பேனா சீட்டின்மேல் அப்படியே நிற்கிறது.