கணக்கில்தான் போச்சு

முதலியார்பேட்டையில் பழைய மில் ஆட்கள் குடியிருக்கும் தெருவில் கமலக்கண்ணனுக்குத் துரை என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நிறத்துக்காக வைத்த பெயரில்லை, ஆள் நல்ல கறுப்பு. தெருவுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும், பேங்க் கடுதாசியோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ, ஜனங்கள் அதை அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவன் சட்டையை மாட்டி, தொண்டையைச் செருமி, முதலில் இங்கிலீஷிலேயே சத்தமாக ஒரு தடவை படிப்பான். அப்புறம்தான் தமிழில் சொல்வான். அந்த முதல் தடவை யாருக்குப் புரிந்தது? ஆனாலும் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், அவனுக்கும் அன்றைய சாப்பாடு நன்றாகச் செரிக்கும்.

அப்பேர்ப்பட்ட துரை, பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்க நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தான். லாஸ்பேட்டையில் ஓர் ஆபீசில் ஒப்பந்த வேலை. என்றைக்கு வேண்டுமானாலும் நாளை வராதே என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் படிப்பை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. "கணக்குலதான் போச்சு" என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தான். கணக்கில் போகவில்லை. இரண்டு தடவையும் காலை வாரியது இங்கிலீஷ் பகுதி. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவன், இன்னொன்று அவன் பெண்டாட்டி தாமரைச்செல்வி.

தாமரை பாகூர்ப் பக்கம் நெல் விளையும் வீட்டுப் பெண். தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தவள். கல்யாணமான புதிதில் அவள் 'பிரிட்ஜ்' என்று சொல்வதைக்கூட நிறுத்தித் திருத்தியவன் இவன். மூன்றாவது தடவை தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது இவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"நீயும் எழுதேன், தாமரை. நான் மட்டும் தனியா படிச்சா தூக்கம் வருது. கூட ஒரு ஆள் இருந்தா எனக்கும் ஒரு வேகம் வரும்."

"எனக்கு இங்கிலீஷ் எங்கங்க வரும்?"

"வராட்டி என்ன, சும்மா துணைக்குத்தான்."

துணையாவது ஒன்றாவது! அவனுக்குத் தன் பின்னால் ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் தனக்குப் பின்னால் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காகத்தான் அவள் பெயரிலும் பணம் கட்டினான்.

படிப்பு ஆரம்பமானது. கமலக்கண்ணன் வெள்ளை அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் கடினமான ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே அர்த்தத்தையும் எழுதி, வீடு முழுக்க ஒட்டினான். கண்ணாடியில் ஒன்று, பாத்ரூம் கதவில் ஒன்று, பிரிட்ஜ் மேல் வரிசையாக, மாவு டப்பாவில், காஸ் சிலிண்டரில், அரிசி டின்னில். எங்கே திரும்பினாலும் வார்த்தை கண்ணில் படவேண்டும், பட்டால் மண்டையில் ஏறும் என்பது அவன் திட்டம். திட்டம் என்னவோ பிரமாதமான திட்டம்தான். ஆனால் காலையில் ஆபீசுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி, போனும் கையுமாகக் கட்டிலில் சாய்கிற மனுஷன் எந்த அரிசி டின்னைப் பார்த்தான்? நாளெல்லாம் அந்த அட்டைகளோடு குடித்தனம் நடத்தியவள் தாமரை.

சாயங்காலம் அவள் பூண்டு உரித்துக்கொண்டே அவனைக் கேள்வி கேட்பாள். அவள் அர்த்தத்தைச் சொல்ல, அவன் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவன் மோட்டுவளையைப் பார்ப்பான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் மெதுவாக முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள். "பி-ல ஆரம்பிக்கும்ங்க." உடனே அவன், "அதான், அதான், நாக்கு நுனியில இருந்துச்சு" என்று மிச்சத்தைச் சொல்லிவிட்டு, தானே கண்டுபிடித்தது மாதிரி காலை ஆட்டுவான்.

மாதிரித் தேர்வு எழுதிய அன்றைக்குத்தான் வந்தது வினை. லேப்டாப்பில் முதலில் அவன் எழுதினான், அப்புறம் அவள். இங்கிலீஷ் பகுதியில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்ததும், மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டான். அது மறுபடியும் அதையே காட்டியது.

"குத்துமதிப்பா அடிச்சிருப்ப."

"இல்லங்க, அந்த நீளமான பத்தி இருக்குல்ல, அது புரிஞ்சுது" என்றாள் தாமரை. "குழாயடிச் சண்டை மாதிரிதாங்க. ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் அப்படி இல்லங்கறான், எழுதனவன் யார் பக்கம் சாயறான்னு பாத்தா போதும். நீங்க ஒவ்வொரு வார்த்தையா புடிச்சிக்கினு நிக்கிறீங்க. அதான் நேரம் போயிடுது."

சொன்னதில் கபடம் எதுவும் இல்லை, உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னாள். அவனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பிரிட்ஜ் என்று சொல்லத் தெரியாத பொம்பளை, எனக்கே பாடம் எடுக்கிறாளா? அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டை போட்டான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதைச் செய்தாலும் அவனுக்குக் குத்தியது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இங்கிலீஷ் செய்தி கேட்டால் சத்தத்தைக் குறை என்றான். கேள்வி கேட்க உட்கார்ந்தால் தலைவலி என்றான். அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாவது இருந்தாளா? அதுவும் இல்லை. தைலம் தேய்த்துவிட்டாள்.

இதில் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வேறு வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் கடுதாசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கமலக்கண்ணன் வழக்கம்போல் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

"நீ இரு தம்பி, தாமரை வரட்டும்" என்றாள் குஞ்சம்மாள். "போன தபா அதுதான் படிச்சுச் சொல்லிச்சு. சட்டுனு விஷயத்துக்கு வந்துடுச்சு. நீ படிச்சா ரொம்ப நேரம் இங்கிலீஷே ஓடிக்கினு இருக்கும், எனக்கு வேற சோறு வடிக்கணும்."

ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. அப்படியே நின்றான் துரை. தேர்வில் தோற்றதுகூட அவனை இப்படிச் சுட்டதில்லை. தெருவே தன் கையைவிட்டுப் போய், இந்தப் பாகூர்க்காரியின் முந்தானையில் முடிந்துகொண்டதாக அவனுக்குப் பட்டது. தேர்விலும் அவள் தேறிவிட்டால்? தான் தோற்று அவள் மட்டும் தேறினால்? கணக்கில் போச்சு என்ற கதை அப்புறம் எவன் காதில் ஏறும்? பெண்டாட்டி பாஸ், துரை பெயில் என்று டீக்கடையில் பேசுவார்களே! அந்தப் பேச்சு இப்போதே அவன் காதில் விழுந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். தாமரை சாமி படத்துக்குப் பூ வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இருவருடைய ஹால் டிக்கெட்டும் அசல் ஆதார் கார்டும் ஒரே பிளாஸ்டிக் பையில் மேசைமேல் இருந்தன. அசல் கார்டு இல்லாமல் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள், போனில் காட்டினாலும் செல்லாது. கமலக்கண்ணன் பையைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அவளுடைய கார்டை வெளியே எடுத்தான்.

எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைத்தால் திருடின மாதிரி இருக்கிறதாம், பாவம். பீரோவில் வைத்தால் புடவை எடுக்கும்போது பார்த்துவிடுவாள். அடுக்களைக்குப் போனான். அரிசி டின்னில் ஒட்டியிருந்த அட்டை கார்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதைப் பதமாகப் பிய்த்து, கார்டைப் பின்னால் வைத்து, புது டேப் போட்டு மேலே ஒட்டிவிட்டான். வீட்டில் இத்தனை அட்டை ஒட்டியிருக்கிறது, இந்த ஓர் அட்டையை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான். நாளைக்குச் சாயங்காலம் எடுத்து, கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நினைத்துப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட மூளை!

மறுநாள் காலை தாமரை லெமன் சாதம் கிளறி டிபன் பாக்சில் கட்டிக்கொண்டாள். சாமி கும்பிட்டாள், அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். வண்டியில் லாஸ்பேட்டை போகும் வரை அவள் அதிகம் பேசவில்லை. பயப்படுகிறாள் என்று இவன் நினைத்துக்கொண்டான், அதில் ஒரு சின்னத் திருப்திகூட.

தேர்வு நடக்கும் கல்லூரியின் கேட்டில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வாட்ச்மேன் கார்டு, ஹால் டிக்கெட் என்று கத்திக்கொண்டிருந்தார். கமலக்கண்ணன் பையைத் திறந்து துழாவினான். முகத்தைச் சுளித்தான். வீட்டிலேயே கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தான்.

"ஐயையோ! தாமரை, ஒன் கார்ட காணமே!"

பையை இன்னொரு தடவை உதறிப் பார்த்தான்.

"நேத்து வெச்சேனே! எங்கனா விழுந்துடுச்சா? வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கேட்ட மூடிடுவாங்களே. ச்சே, எல்லாம் என் தப்பு." தலையில்கூட அடித்துக்கொண்டான். "சரி விடு, இன்னா பண்றது. நீ சும்மா துணைக்குத்தானே எழுதற. அந்த மரத்தடியில ஒக்காரு. நான் எழுதிட்டு வந்துடறேன்."

எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டாள். அப்புறம் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து கார்டை எடுத்தாள். அதன் ஓரத்தில் புது டேப் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலையில அரிசி எடுக்கப் போனேன்" என்றாள். "தினம் பாக்கற அட்டைங்க. இன்னிக்கி கோணலா இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் கமலக்கண்ணன் பதிலுக்குத் திட்டியிருப்பான். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அவள் இரண்டும் செய்யவில்லை. அடக் கடவுளே, காலையில் இதைத் தெரிந்துகொண்டேவா எனக்குத் திருநீறு பூசினாள்?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் தாமரை. "அந்த அட்டையில இன்னா வார்த்தை எழுதியிருந்துச்சு?"

எழுதியவன் அவன். ஒட்டியவன் அவன். நேற்றுச் சாயங்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனும் அவன்தான். வெள்ளை அட்டை ஞாபகம் வந்தது, தன் கொட்டை எழுத்து ஞாபகம் வந்தது, டேப்பைப் பல்லால் கடித்தது ஞாபகம் வந்தது. வார்த்தை வரவில்லை.

அவள் எப்போதும்போல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவனும் அவள் வாயையே பார்த்தான். தினமும் இந்த இடத்தில் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

"வாங்க, கேட்ட மூடிடப் போறாங்க" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

தேர்வில் இங்கிலீஷ் பகுதி திறந்தபோது திரையில் ஒரு நீளமான பத்தி வந்தது. அவன் முதல் வரியைப் படித்தான், மறுபடியும் முதல் வரியைப் படித்தான். முன்வரிசையில் அவள் தலை தெரிந்தது. நேற்று வாங்கிய பூவை வைத்திருந்தாள், கை சுறுசுறுப்பாக மவுசை அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்கு ஓடினான். அரிசி டின்னில் டேப்பின் தடம் மட்டும் இருந்தது. மற்ற அட்டைகளெல்லாம் அப்படியே இருந்தன.

ரிசல்ட் வந்தது. தாமரைக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. அவனை இந்தத் தடவையும் இங்கிலீஷ்தான் கவிழ்த்தது. சேதி தெரிந்து குஞ்சம்மாள் ஓடிவந்து தாமரையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பிக்கு இன்னா ஆச்சு?"

கமலக்கண்ணன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கணக்குலதான் போச்சுக்கா" என்றாள் தாமரை. "இங்கிலீஷெல்லாம் அவருக்கு நல்லாத்தான் வரும்."

இதற்குப் பதில் அவள் அவனைச் சந்தியில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். பொறாமை அதோடு தீர்ந்ததா என்றால், எங்கே தீர்ந்தது? பொய்கூடத் தன்னைவிட அவளுக்கு அழகாக வருகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தான்.

இப்போது அவள் காலையிலேயே பல்கலைக்கழகப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறாள். அரிசி களைந்து உலை வைப்பது அவன் வேலை. தினமும் டின்னைத் திறக்கும்போது அந்த டேப் தடம் கையில் பிசுபிசுக்கிறது. என்ன வார்த்தை அது? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அதனால்தான் இன்னும் கேட்கவில்லை.