கண்ணாடிக்குத் தொற்றிய நடுக்கம்

கண்ணாடிப் பிரிவில் பொறியாளராக இருந்தவளின் கைநடுக்கம் மலைமேலிருந்த தொலைநோக்கியின் கண்ணாடிக்கு மட்டும்தான் தொற்றியது. வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. அது தாள் போல மெல்லிய கண்ணாடி. மேலே காற்று அலைவதில் நட்சத்திர ஒளி எப்படித் தள்ளாடுகிறதோ, அதற்கு நேரெதிராக நெளிந்து கொடுத்து ஒளியை நேராக்குவது அதன் வேலை. நெளியச் சொல்வது கணினி. கணினியும் பாவம், முடிந்தவரை பார்த்தது. ஆனாலும் காற்று எப்போதும் ஒரு எட்டு முந்திக்கொண்டது. நாற்பது வயதில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கிய வாரம், கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் திருகை முடுக்கக் கை வைத்தாள். இத்தனை வருடம் திரையில் அப்பிக் கிடந்த நட்சத்திரம் புள்ளியாகி, பக்கத்தில் ஒரு கோளையும் காட்டியது. அன்று முதல் அவள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் கண்ணாடி அவள் கையோடு சேர்ந்தே நடுங்கியது. கணினிக்கு எழுதிய புது நிரல்தான் காரணம் என்று பிரிவின் தலைவர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அவளுக்கு விஷயம் புரிந்துதான் இருந்தது. ஆனால் நடுங்கும் கையைக் கண்ணாடிப் பக்கம் யார் விடுவார்கள்? வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

கணவனிடம் மறைக்க முடியுமா? "கல்யாணத்தன்னிக்குக் கையப் பிடிச்சப்பகூட நடுங்கல, இப்ப என்னவாம்?" என்று கேலி பேசிக்கொண்டே டாக்டரிடம் அழைத்துப் போனான். நடுக்கம் மாத்திரைக்குக் கேட்டது. கை அசையாமல் நின்றது. அன்றே நட்சத்திரம் மறுபடி அப்பிக்கொண்டது, கோளைக் காணோம். கேபிள்களை மாற்றினார்கள், நிரலைத் திருத்தினார்கள், தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்ட கோளைச் சரிபார்க்க வெளியாட்கள் வரும் நாளும் நெருங்கியது. காட்ட முடியாவிட்டால் அத்தனை பேரும் பொய்யர்கள் ஆவார்கள். சாப்பாட்டையும் மறந்து தலைவர் திரை முன்னால் உட்கார்ந்திருந்த கோலம் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போய், இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் வைத்தாள். பேனாக்கள் தடதடத்தன.

"வேலைய விட்டு எடுக்கிறதா இருந்தா எடுங்க சார். ஆனா கோள் பொய்யில்ல."

தலைவர் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். புள்ளி இரண்டாகப் பிரிந்து நின்றது. "இதச் சொல்லவா இவ்வளவு பயந்தீங்க? காத்து ஆடுற ஆட்டத்துக்கு எதிராட்டம் ஆட ஆள் கிடைக்காமத்தானே இத்தனை வருஷமா அல்லாடிட்டிருந்தோம்!" என்றார். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வந்தவர்கள் கோளையும் பார்த்தார்கள், கையையும் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டு போனார்கள். வானம் மூடியிருக்கும் நாட்களில் அவள் மாத்திரை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். தெளிந்த நாட்களில் போடவில்லை. இப்போதெல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சாவி எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டும்போதே அவளையும் காட்டி, "நம்ம கண்ணாடி இவங்க கையோடதான் நடுங்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள்.