ராஜினாமா கொடுக்காதவர்

ஒரே காரியத்தில் ஊறிக் கிடந்து சோறு தண்ணியை மறப்பவனை நாம் பித்தன் என்போம், கிறுக்கன் என்போம், கோபம் வந்தால் வெறியன் என்போம். நார்வேயின் ஸ்கார்தால் ஊரில் அப்படிப்பட்டவனுக்கு நெருப்புயிர் என்று பெயர். மரியாதையான சொல்தான். பூங்கொத்து கொடுப்பார்கள், ஊர்ப் பத்திரிகையில் படமும் போடுவார்கள். குளிர்காய்கிறவர்கள் விறகைப் புகழ என்றைக்குக் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார்கள்?

ஹல்வார் அப்படி ஒரு நெருப்புயிர். ஊர் ஸ்கீ சங்கத்தின், அதாவது பனிச்சறுக்குச் சங்கத்தின், தடப் பொறுப்பாளர். பனி விழுந்தால் போதும், சங்கத்தின் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார். பனியை அழுத்திச் சமன் செய்து, ஸ்கீக்கட்டைகள் வழுக்கிப் போக இரட்டைக் கோடாகத் தடம் போடுவார். சம்பளம் கிடையாது. மனைவி ரக்னில் சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னொரு சுத்து மட்டும்" என்பார். மகள் பிறந்த அன்றும் அதையேதான் சொன்னார். போன வருடம் பிப்ரவரியில், அந்த வண்டியின் இருக்கையிலேயே மாரடைத்துச் செத்துப்போனார்.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பேய்க்குப் பயப்படாதவன்கூட அந்த ஊரில் ஆண்டுக் கூட்டத்துக்குப் பயப்படுவான். கண்ணை உயர்த்தினால் ஏதாவது ஒரு பதவி தலையில் விழும். தடப் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று தலைவர் ஊட்வார் கேட்டதும், எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"ஹல்வார் ராஜினாமா எதுவும் குடுக்கலையே," என்றார் ஊட்வார், பாதி விளையாட்டாக.

யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அங்கே கைதட்டினால் தேர்வு முடிந்தது என்று அர்த்தம். விட்டது தொல்லை என்று எல்லோருமே தட்டினார்கள்.

நவம்பரில் முதல் பனி விழுந்தது. காலையில் பார்த்தால் தடம் போட்டிருந்தது.

யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிறவன் தலையில் அந்த வேலையைக் கட்டிவிடுவார்களே. ரக்னிலுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சமையலறை ஆணியில் தொங்கிய வண்டிச் சாவி ஈரமாக இருந்தது. மேசைமேல் ஹல்வாரின் பிளாஸ்க், மூடி திறந்தபடி நின்றது. சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மறுநாளும் அது ஈரம். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். விடிந்தபோது தலையணை நனைந்து, கன்னம் சில்லிட்டிருந்தது.

சாவிக்காகக் கட்டில்வரை வந்திருக்கிறார். அவளைத் தொடவில்லை. பயத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது.

எல்லாம் இந்த ஊர் பண்ணியது என்று அவளுக்குக் கொதித்தது. உயிரோடிருந்தவரைப் பிழிந்தது போதாதென்று செத்தவரையும் வேலை வாங்குகிறார்களே! நேராக ஊட்வார் வீட்டுக்குப் போனாள்.

"அவனை விட்டுடுங்கப்பா, ஊட்வார்."

யாரை என்று ஊட்வார் கேட்கவில்லை. "எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நானே பார்த்தேன். கையைக் காட்டினேன். அவனும் காட்டினான்."

"பார்த்துட்டுச் சும்மாவா வந்தே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? தடம் நல்லாருக்கு, ரக்னில். முன்னைவிட நல்லாருக்கு. இப்ப அவனுக்கு முதுகுவலி இல்ல பாரு."

"இந்த வருஷக் கூட்டத்துல வேற ஆளைப் போடுங்க. அப்பதான் அவன் தூங்குவான்."

"யாரு வருவா?"

"நான் வரேன்."

"நீயா? ஸ்டாவங்கர்ல மகளோட போய் இருக்கப்போறேன்னு சொன்னியே?"

"போகல," என்றாள். வீட்டை விற்கக்கூடப் பேசி முடித்திருந்தாள். அது போனால் போகட்டும்.

கூட்டத்தன்று வண்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். இன்று அது தன் கையில்தான் இருக்கும் என்று பிடிவாதம். சங்கக் கூடம் முழுக்க வாஃபிள் அப்பத்தின் வாசனை. ஊட்வார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"தடப் பொறுப்புக்கு ரெண்டு பேர். ஒண்ணு ஹல்வார், இப்ப இருக்கிறவர். இன்னொண்ணு ரக்னில்."

வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த போர்கில்ட் திரும்பிப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதே ரக்னில். அந்த மேட்டு வளைவுல உன்னால வண்டியைத் திருப்ப முடியுமா? ஹல்வார் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா."

பலர் தலையாட்டினார்கள். செத்தவருக்கும் இருப்பவளுக்கும் போட்டி நடப்பதில் அங்கே ஒருவருக்கும் வியப்பில்லை. முதலில் வாஃபிள், அப்புறம் ஓட்டு என்று ஊட்வார் அறிவித்தார்.

ரக்னில் வெளியே வந்தாள். தடம் கூடத்தின் பின்புறமே தொடங்குகிறது. தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து வண்டியின் விளக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தாள். சாவி அங்கேயேதான் இருந்தது, நனைந்து.

அவள் தடத்தின் நடுவில் போய் நின்றாள். வண்டி நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் ஹல்வார்தான். புருவத்தில் விழுந்திருந்த பனி உருகவில்லை. பேசும்போது வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"இந்தக் குளிர்ல தொப்பி இல்லாம வந்திருக்கே!"

அவளுக்கு அழுகை முட்டியது. "இறங்கி வா, ஹல்வார். உன்னை விடச் சொல்லித்தான் சங்கத்துல சண்டை போட்டுட்டு வரேன். போன வருஷம் கைதட்டி உன்னைப் பிடிச்சு வச்சுட்டாங்களே..."

"போன வருஷக் கூட்டத்துக்கு நான் போகவே இல்லையே." நிஜமாகவே புரியாமல் விழித்தார். "என்னை யாரு பிடிச்சாங்க? பனி விழுந்துச்சு, வந்தேன்."

"யாரும் உன்னைக் கூப்பிடலையா?"

"எதுக்குக் கூப்பிடணும்?"

அவர் கண்கள் அவளைத் தாண்டிப் பனிமேல் போயின. அந்த முகத்தில் அப்போது வந்த வெளிச்சம், கல்யாணமான நாள்முதல் ஒருநாளும் அவளைப் பார்த்து வந்ததில்லை.

"இன்னொரு சுத்து மட்டும், ரக்னில். நீ போய்ப் படு."

வாழ்நாள் முழுக்க விலகியதுபோல இப்போதும் விலகி நின்றாள். வண்டி அவளைக் கடந்து போனது. அவள் நடந்து வந்த காலடிகளை அழுத்திச் சமமாக்கி, அவற்றின்மேல் இரட்டைக் கோடு நேராக ஓடியது. அழகாகத்தான் இருந்தது.

கூடத்துக்குத் திரும்பியபோது ஊட்வார் காத்திருந்தார். "என்ன ரக்னில், ஓட்டுக்கு விடலாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க இந்த முகங்களைச் சபித்திருந்தாள். இனிச் சபிக்க யாருமில்லை. அந்த வெறுமை தாங்கக்கூடியதாக இல்லை.

ஹல்வாருக்கு முதல் கைதட்டு அவளுடையது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். மேட்டில் விளக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். சாவியைச் சமையலறை ஆணியிலேயே மாட்டினாள். சாவிக்காக மட்டும் யாரும் கட்டில்வரை வர வேண்டாம்.