புதன்கிழமைத் தலைவி

ஷாய்லோபெக் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டது டிசம்பர் முதல் வாரத்தில். பிஷ்கெக் நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை இறங்கியிருந்தது. ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

“டிசைன் அணிக்கு முழுநேரத் தலைமை வைக்க நம்மால முடியாது,” என்றார். கம்பெனி அவருடையது. “அதனால வாரத்துக்கு ஒரு நாள். புதன்கிழமை. அல்மாட்டியிலிருந்து ரவ்ஷான்னு ஒருத்தங்க வர்றாங்க. பெரிய கம்பெனிகள்ல தலைமை டிசைனரா இருந்தவங்க. இப்போ நம்மள மாதிரி காசு கையைக் கடிக்கிற கம்பெனி மூணுக்குப் பகுதிநேரமாப் பாக்கறாங்க.”

“மிச்ச நாலு நாளும் தலையில்லாம முண்டமாத் திரியணுமா?” என்று கேட்டாள் செஸிம். எங்களில் இளையவள். வாய் அடங்காதவள்.

“மிச்ச நாள் புருல் பாத்துக்குவா. இப்பவும் அவதானே பாக்கறா.”

புருல் அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. இந்தத் தொழிலில் அது கிழம். ஆறு வருடமாக அணியை நடத்தியவள் அவள்தான். பதவியின் பெயர் மட்டும் “மூத்த டிசைனர்” என்றே இருந்தது. தாஷ்கண்டில் ஒரு கம்பெனி அவளைத் தலைமைப் பொறுப்புக்கே கூப்பிட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் அன்று வந்திருந்தாள். ஷாய்லோபெக் முந்திக்கொண்டார்.

“ஒரே வருஷம் பொறு, புருல். வருஷக் கடைசியில ரவ்ஷான் ஒரு அறிக்கை கொடுப்பாங்க. இந்த அணிக்கு முழுநேரத் தலைமை வேணும்னு அவங்க எழுதிட்டா அந்த நாற்காலி உனக்கு. எப்படியாவது பணத்தைப் புரட்டிக்கறேன். எழுத்துலயே தர்றேன்.”

எழுத்தில் தந்தார். அன்று மதியமே புருல் அக்கா தாஷ்கண்டுக்கு வரவில்லை என்று பதில் அனுப்பிவிட்டாள்.

நாங்கள் செய்தது டயாலிசிஸ் மையங்களுக்கான மென்பொருள். நாடு முழுக்கப் பதினான்கு மையங்களில் நர்ஸ்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டின் திரைகள் எங்களுடையவை. நோயாளி எப்போது வந்தார், எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் இயந்திரத்தில் இருந்தார் எல்லாம் அதில் பதிவாகும். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தொர்தோய் சந்தையின் கன்டெய்னர் கடை வரிசையில் நான்கு வருடம் இரவுக் காவல் இருந்தவன். அங்கே உட்கார்ந்து செல்போனில் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலை. அதனால் செஸிம் என்னை வாச்மேன் என்பாள்.

முதல் புதன்கிழமை ரவ்ஷான் அக்கா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. விடியுமுன் ஷேர் டாக்சி பிடித்து, கொர்தாய் எல்லைச் சோதனைச் சாவடியில் பனி கலந்த மழையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருந்தார். காலணியில் தண்ணீர். உதடு நீலம். புருல் அக்கா அவரைக் கதவுக்கு எதிரே, சுவரோர இடத்தில் உட்காரவைத்தாள். எந்த வீட்டிலும் விருந்தாளிக்கு உரிய இடம் அதுதான். போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகள், பாலாடை, ஜாம் எல்லாம் மேஜைக்கு வந்தன. தேநீரைக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றி, தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம்.

ஒரு விருந்தாளியை அப்படி உட்காரவைத்த பிறகு அவர் முன்னால் யார் பஞ்சப் பாட்டுப் பாடுவார்கள்? அன்று நன்றாக வந்த திரைகளைக் காட்டினோம். அடுத்த புதனும் அந்த இடத்திலேயே உட்காரவைத்தோம். ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது. செவ்வாய் மதியத்துக்கு மேல் எங்கள் வேலை வீடு பெருக்குவதுதான். அரைகுறைத் திரைகளை ஒரு ஃபோல்டருக்குள் தள்ளுவோம். புரோகிராமர்களோடு போட்ட சண்டைகளை அவசரமாக முடித்துவைப்போம். நர்ஸ்களின் புகார்களைப் புருல் அக்கா ஒவ்வொன்றாகப் போன் செய்து அடைத்துவிடுவாள். வியாழக்கிழமை எல்லாம் மறுபடி வெளியே வரும்.

“எதுக்குக்கா இந்த வேஷம்?” என்று ஒரு செவ்வாய்க்கிழமை செஸிம் கேட்டாள். “அந்தம்மா நமக்கு வழிகாட்டத்தானே வர்றாங்க. அழுக்கைக் காட்டினாத்தானே சொல்லித் தருவாங்க.”

“அறிக்கை எழுதப்போறது அவங்க. நான் நடத்தற லட்சணம் நல்லா இருக்குன்னு தெரியணும். குப்பையைக் காட்டினா, இவளுக்கு நடத்தத் தெரியலைன்னு எழுதுவாங்க.”

“குப்பையே இல்லாத வீட்டுக்குத் தொடப்பம் எதுக்குன்னு எழுதிட்டாங்கன்னா?”

“உன் வாய்ல தார் ஊத்த,” என்றாள் புருல் அக்கா. நான் சிரித்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, நாரின் மையத்தின் தலைமை நர்ஸ் போன் செய்தாள். அங்கே ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. சிகிச்சையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க நர்ஸ் டேப்லெட்டில் தட்டியிருக்கிறாள். “நிறுத்திவை” பக்கத்திலேயே “முடி”. ஒரே அளவு, ஒரே நிறம். கையுறை போட்ட விரல் “முடி”யில் பட்டுவிட்டது. ஷிஃப்ட் மாறி வந்த அடுத்த நர்ஸ், முடிந்துவிட்டது என்று திரையில் படித்து, ஊசியை எடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நான்கு மணி நேரச் சிகிச்சை இரண்டே மணி நேரத்தில் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர் அவர். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பதினொரு நாள் கிடந்தார். பிழைத்தார்.

அந்த இரண்டு பட்டன்களை அப்படி வைத்தது நான்.

புருல் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சனிக்கிழமை காலை தன் பழைய காரில் தொலோன் கணவாய்ப் பனியைத் தாண்டி நாரின் போனாள். இரண்டு ஷிஃப்ட் நர்ஸ்களின் தோளருகே நின்று பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து திரையைத் திருத்தி வரைந்தாள். திங்களன்று புரோகிராமர்களின் தலைமேல் நின்று பதினான்கு மையங்களுக்கும் புதிய திரையை அனுப்பவைத்தாள். அந்தக் குடும்பத்திடம் பேசியதும் அவள்தான்.

புதன்கிழமை வந்தது. தேநீர் ஊற்றினாள்.

“நாரின்ல எப்படிப் போகுது?” என்று தற்செயலாகத்தான் கேட்டார் ரவ்ஷான் அக்கா.

“நல்லாப் போகுதுக்கா. ஜாம் எடுத்துக்குங்க.”

ரவ்ஷான் அக்கா ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் என்னை மட்டும் சாப்பிடக் கூட்டிப்போனார். தெருமுனைக் கடையில் லக்மான் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் காரில் வருவதால் இடுப்பு வலி. நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

“ஜானிஷ், உண்மையைச் சொல்லு. நான் இருக்கறது ஆறு மணி நேரம். உங்க மேஜை எப்பப் பாரு கல்யாண வீடு மாதிரி இருக்கு. இப்படி எந்த அணியும் இருக்காது. என்ன கஷ்டம் இங்க?”

நாரினைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டன் யாருடையது என்ற கேள்வி வரும்.

“ஒரு கஷ்டமும் இல்லக்கா. சாப்பிடுங்க, ஆறுது.”

அவர் நூடுல்ஸைச் சுற்றத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசிப் புதன்கிழமை அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். ஷாய்லோபெக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரவ்ஷான் அக்காவையும் உட்காரவைத்து எங்கள் எதிரிலேயே உரக்கப் படித்தார்.

“‘அணி தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது. ஓராண்டில் ஒரு நெருக்கடியும் எழவில்லை. புருல் நம்பகமானவர், பொறுமையானவர். முழுநேரத் தலைமைப் பதவிக்குத் தற்போது தேவை தெரியவில்லை. மாதம் இரண்டு நாள் வழிகாட்டல் போதுமானது.’” பேப்பரைத் தட்டினார். “பாத்தீங்களா? இந்த மாதிரி நல்ல பேரு எந்த அணிக்குக் கிடைக்கும்?”

புருல் அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தானா நடக்கலை,” என்றாள்.

“என்னம்மா?”

“இந்த அணி தானா நடக்கலை. நான் நடத்தினேன்.”

நாரினைச் சொன்னாள். தேதியோடு, மணியோடு. லாரி டிரைவரின் பெயர், படுக்கை எண், கணவாயில் கார் இரண்டு மணி நேரம் சிக்கியது, திங்கள்கிழமை புரோகிராமர்களோடு நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. தனக்கு அந்தப் பதவி ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷாய்லோபெக்கின் முகம் மாறுவதைப் பார்க்கும்வரை.

“ஜனவரியில. இப்போ நவம்பர்.”

“ஆமாண்ணே.”

“எனக்கு ஏன் தெரியாது?”

“உங்ககிட்ட சொல்லலாமான்னு தலைமை நர்ஸ் கேட்டாங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்.”

“இப்படி ஒண்ணு நடந்தா மூணு நாளுக்குள்ள சுகாதாரத் துறைக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஒப்பந்தத்துல இருக்கு. தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே மறைச்சிருக்க.” நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அந்தத் திரையை வரைஞ்சது யாரு?”

நான் மேஜையைப் பார்த்தேன். செஸிம் என்னைப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

“அணியோட வேலை,” என்றாள் புருல் அக்கா. “அப்போ என்னோடது.”

ஷாய்லோபெக் எழுந்து வெளியே போய்விட்டார். ரவ்ஷான் அக்கா புருல் அக்கா பக்கம் திரும்பினார்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தீங்க.”

“நான் விருந்துக்கா வந்தேன்?” என்றார். “கரகண்டாவுல நான் பாக்கற இன்னொரு கம்பெனி. நான் உள்ள கால் வைக்கறப்பவே சண்டை ஆரம்பிச்சிடும். ஒருத்தி அழுவா, ஒருத்தன் கதவை அறைஞ்சிட்டுப் போவான். ஒரு வாய் தண்ணி தர ஆள் கிடையாது. அவங்களுக்கு முழுநேரத் தலைமை வெச்சே ஆகணும்னு நாலு பக்கம் எழுதினேன். போன மாசம் வெச்சிட்டாங்க. இந்த நாரின் ஒண்ணு போதும் புருல், இத வெச்சே உனக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன். ஜனவரிலயே சொல்லியிருந்தா மூணு நாளுக்குள்ள கடிதமும் போயிருக்கும். நான் பாத்ததைத்தானே எழுத முடியும்?”

“இப்போ மாத்தி எழுத முடியாதாக்கா?” என்றாள் செஸிம்.

“இப்போ எதை எழுதினாலும் மறைச்சதையும் எழுதணும்.”

அன்று மாலை டாக்சி நிறுத்தத்துக்கு அவரை யாரும் கொண்டுபோய் விடவில்லை.

அடுத்த ஒரு வாரம் வக்கீலோடு ஆலோசனை நடந்தது. சுகாதாரத் துறைக்குக் கடிதம் போயாக வேண்டும். கடிதத்தில் யார் பெயராவது இருந்தாக வேண்டும். அந்த ஏழு நாளில் ஒரு தடவை நான் ஷாய்லோபெக்கின் கதவுவரை போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார். நான் நிற்கவில்லை. கடிதம் புருல் அக்காவின் பெயரோடு போனது, அவள் வேலையும் போனது.

புருல் அக்கா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய், “அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன். அது என் பட்டன்னு,” என்றேன்.

“இப்போ சொன்னா ரெண்டு பேரும் போவோம். செஸிம் ஒருத்தியா பதினாலு மையத்துக்கும் ஓடுவாளா? பேசாம வேலையைப் பாரு.”

அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்துதான் கேட்டேன்.

தாஷ்கண்டுக்கு மறுபடி எழுதிப் பார்த்தாள். அங்கே எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்கள். வேறு இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டுப் பேசின. போன வேலையிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்வியோடு இரண்டும் நின்றுவிட்டன. இப்போது ஓஷ் சந்தைக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் மெனு கார்டும் கடைப் பலகையும் வரைகிறாள். செஸிம் சொல்லித்தான் தெரியும். செஸிம் என்னிடம் கடைசியாகப் பேசிய சில விஷயங்களில் அது ஒன்று. அவளும் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

புருல் அக்கா போன அடுத்த திங்கட்கிழமை ஷாய்லோபெக் என்னைக் கூப்பிட்டார்.

“ரவ்ஷான் இனிமே மாசம் ரெண்டு நாள், அதுவும் கம்ப்யூட்டர் வழியாத்தான். மிச்ச நாளெல்லாம் நீ பாத்துக்க, தம்பி. பேரு, பதவி எல்லாம் அப்புறம் பாக்கலாம்.”

“சரிண்ணே,” என்றேன்.

மேஜைக்கு வந்தபோது புருல் அக்காவிடமிருந்து ஒரு ஃபைல் வந்திருந்தது. கூட ஒரு வரி இல்லை. பதினொரு பக்கம். எந்த மையத்தில் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மாறுகிறது, எந்த நர்ஸ் போனில் கத்துவாள், எவள் புகாரே சொல்லாமல் தப்பான திரையோடு மாதக்கணக்கில் மல்லாடுவாள், யாரைக் கிழமை தவறாமல் நாமே கூப்பிட வேண்டும் எல்லாம் இருந்தது. படித்து முடிக்க ஒன்றரை மணி நேரமானது. பட்டியலில் திங்கட்கிழமைக்கு நேரே முதல் பெயர் நாரின் தலைமை நர்ஸ்.

போன் செய்தேன்.

“புருல் எங்க?” என்றாள்.

“வேலையை விட்டுட்டாங்க. இனிமே நான் பாத்துக்கறேன்.”

“நீங்க யாரு?”

பெயரைச் சொன்னேன். கேள்விப்பட்டதே இல்லை என்றாள். அந்தப் பக்கம் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, அந்த வாரப் புகார்களைச் சொல்லத் தொடங்கினாள். நான் எழுதிக்கொண்டேன்.