பதினைந்து அடி உயரத்தில் நான்

சகல பொதுமக்களுக்கும் மிகுந்த பணிவோடும் பூரிப்போடும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நாற்பத்தாறு வருடங்களாக உட்கார்ந்தே காலம் தள்ளிய நான், டிசம்பர் மூன்றாம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு, நகராட்சித் திடலில், யாருடைய கைத்தாங்கலும் இல்லாமல் எழுந்து நின்றுவிட்டேன், அதுவும் பதினைந்து அடி உயரத்துக்கு, மாம்பழக் கலர் பட்டுச்சேலையில், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கைகூப்பி, கோதுமை மாவு நிறத்தில் சிரித்துக்கொண்டு, தலைக்கு மேலே எங்களைப் பாருங்கள் என்று கொட்டை எழுத்து, அதற்கு அடியில் சிறப்புரை என்று போட்டு என் பெயர், நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறேன், மூக்குத்தி என்னுடையதுதான், இடது புருவத்துத் தழும்பைக் காணோம், காலில் மெட்டி கிடக்கிறது, எனக்குக் கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டார்கள். ஏணியில் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ் கடை இசக்கித்துரை குனிந்து, எக்கா வந்துட்டீயளா, எப்படி இருக்கு என்கிறான், யாருலே இது என்கிறேன், நீங்கதாங்க்கா, வாட்ஸப்புல பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணுதான வந்துச்சு, தலைய வெட்டி பாடில வச்சேன், எல்லாருக்கும் இந்தப் பாடிதான், போன வாரம் மாதர் சங்கத் தலைவிக்கும் இதே பாடிதான், அவியளுக்குக் கலரு மட்டும் நாலு புள்ளி ஏத்தினேன், ஏத்தலைன்னா சண்டைக்கு வருவாவ, உங்களுக்கு ஆறு புள்ளி ஏத்த வேண்டியிருந்துச்சு, என்னையக் கேட்டியாலே என்கிறேன், நல்லது செய்யதுக்கு யாராவது கேப்பாவளாக்கா.

நல்லது செய்ய யாரும் கேட்டதில்லைதான், ஐந்தாம் வகுப்பில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைமேல வெளிச்சம் நிக்கல, பின்னாடி உக்கார வைங்க டீச்சர் என்றார், நிற்கிற வரிசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள், படம் வந்தபோது கீழே இடமிருந்து வலமாக என்று முப்பத்தெட்டுப் பெயர், மேலே முப்பத்தேழு முகம், நொண்டிக் கருப்பி எங்கட்டி ஒளிஞ்சிருக்கா என்று பிள்ளைகள் தேடித் தேடிச் சிரித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன், அதுதான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, அம்மா கடலைமாவில் மஞ்சளைக் குழைத்துத் தோல் எரிய எரியத் தேய்ப்பாள், பன்னிரண்டு வயதில் நிறுத்திவிட்டாள், இனி யார் பாக்கப்போறா என்று ஒருநாள் மாவுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், கவிழ்த்த கிண்ணத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிகிறது, அது வழிந்து வழிந்து தங்கச்சி வடிவைப் பெண் பார்க்க வந்த நாளின் அரங்கு வீட்டுக்குள் வந்து சேர்கிறது, அரிசி மூட்டைக்கும் பழைய குத்துவிளக்குக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து, கேசரி ஒரு தட்டு, பஜ்ஜி மூன்று, கொஞ்ச நேரந்தாம்ட்டி, இருமிராத, என்று சொல்லி அம்மா வெளியே நாதாங்கி போட்டாள், கேசரியில் முந்திரிப் பருப்பு எனக்குத்தான் அதிகம், தின்றுகொண்டே கேட்கிறேன், மாப்பிள்ளையின் அம்மா விசாரிக்கிறாள், உங்களுக்கு எத்தனை பொண்ணு, அம்மா சொல்கிறாள், ஒத்தப் பொண்ணுதான், வாயில் வைத்த கேசரி அங்கேயே நின்றது, இருபத்தோரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறது, சில நாள் கனவில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே உருள்கிறேன், கூடத்தில் யாருக்கும் முகம் இல்லை, இடமிருந்து வலமாகப் பெயர்கள் மட்டும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கின்றன.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தேன், பஸ் நிலையத்தில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில், போய் நடுவழியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு நாங்களும் இருக்கிறோம், கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்கள் என்று, பார்த்தவர்கள் சில்லறை போட்டார்கள், சர்க்கார் எங்கள் பெயரை இரண்டு தடவை மாற்றியது, படியை மாற்றவில்லை, இந்தத் திடல் மேடைக்கு ஒரு சாய்தளம் கேட்டு நான் எழுதிய மனுக்கள் பதினொன்று, போன மாதம்தான் சிமெண்டு காய்ந்தது, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்து, இன்றைக்கு முதல் ஏற்றம் என்னுடையது, எந்த ஆம்பிளையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் என் இரண்டு கையாலேயே உருட்டி மேலே போய் மூன்று நிமிடம் பேசுவேன், ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று, எங்கே சாய்தளம் என்று கேட்கிறேன், இசக்கித்துரை ஏணியிலிருந்தே கையைக் காட்டுகிறான், உங்களுக்குப் பின்னாடிதாங்க்கா இருக்கு. அவன் காட்டியது படத்தில் நிற்கிற அந்தப் பதினைந்தடி எனக்குப் பின்னால், கம்பு நடக் குழி தோண்ட வேண்டாம் என்று இரண்டு சவுக்குக் கம்பையும் அந்தப் புதுக் கைப்பிடிகளிலேயே கட்டி, சாய்தளத்தின் வாயை அடைத்துத் திரை மாதிரி என்னையே தொங்கவிட்டிருக்கிறான், நான் ஏறுகிற வழியில் நான் நிற்கிறேன்.

நலச்சங்கச் செயலாளர் கோமதிநாயகம் சால்வைக் கட்டோடு ஓடி வருகிறார், மேடம், தெய்வக் குழந்தைகளின் திருநாள்ல நீங்க முகம் வாடலாமா, கட்டுன பேனரை அவுத்தா நல்லாவா இருக்கும், கமிஷனர் வேற கிளம்பிட்டாவ, நாலு பயலுவ இருக்கானுவ, பூ மாதிரி தூக்கி வச்சிருவோம், பூ எழுபத்திரண்டு கிலோ சார் என்கிறேன், அவர் சிரிக்கிறார், நான் சிரிக்கவில்லை, நாலு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வருகிறார்கள், நாதாங்கி விழுகிற சத்தம் கேட்கிறது, இருமிராத என்கிறது ஒரு குரல், நான் இருமினேன், நன்றாகச் செருமி, என்னை எவனும் தொடப்படாது என்றேன், திடலே திரும்பிப் பார்த்தது, இசக்கித்துரை, கயிறு அறுக்கிற கத்தியைக் கொடுலே, எக்கா, உங்க படந்தானக்கா, எம் படம்னா என்னை வெட்ட எனக்கு உரிமை உண்டும்லா, கொடு. அவன் கொடுத்தான், என் கைக்கு எட்டியது அவளுடைய முழங்கால் வரைக்கும்தான், அங்கே குறுக்கே ஒரு கிழி, இரண்டு ஓரமும் கீழே வரைக்கும், பட்டுச்சேலைக் கரையும் பாதமும் மெட்டியும் சரிந்து சாய்தளத்தில் விழுந்தன, அவற்றின் மேலேயே சக்கரத்தை ஏற்றி உருட்டினேன், ஒரு தள்ளு, இரண்டு தள்ளு, தோள் எரிகிறது, கடலைமாவு எரிந்த மாதிரி இல்லை, இது வேறே எரிச்சல், பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்க்கிறேன், அந்த ஃப்ளெக்ஸுக்குப் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு, பட்டு இல்லை, சிரிப்பு இல்லை, வெயிலை மறைத்துக்கொண்டு பெரிய கறுத்த உருவம், முழங்காலுக்குக் கீழே வெறும் வெளிச்சம், அடிப்பாவி, இப்போதுதான் உனக்கு என் சாயல் வந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் உருட்டி மேடைக்கு வந்தேன், கீழே சனம் மொத்தமும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறது, மூன்று நிமிடமும் நெஞ்சுக்குள் வரிசையாக நிற்கிறது.

மைக் ஐந்தடி உயரத்தில் இருந்தது.