நைலான் தையல்

வடகோடிக் கடலில், அட்கா தீவுக்கு வெளியே, முந்நூறு பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஆறடி), நாற்பது நண்டுக் கூண்டுகளைக் கோத்திருந்த கயிறு பாறையில் உரசி அறுந்தது. கேப்டன் பிலமோன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"போனா போகட்டும் விடு மாப்ள. ஒரு மாசத்துல பருத்தி நூல் இத்துப்போயிரும், நண்டெல்லாம் வெளிய வந்துரும். நமக்குப் பாவமில்ல."

அக்கா புருஷன் இப்படிச் சொன்னதும் ஆகஃபனுக்குத் தான் போட்ட தையல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கூண்டிலும் வலையில் ஒரு கிழிசல் வைத்து, அதைப் பருத்தி நூலால்தான் தைக்க வேண்டும். தொலைந்த கூண்டு தானாகத் திறக்க வேறு வழியில்லை. தைப்பது அவன் வேலை. பாழாய்ப்போன பருத்தி குளிரில் அறுந்து அறுந்து உயிரை வாங்கியதென்று, இந்த முறை நாற்பதையும் நைலானால் தைத்திருந்தான். சோம்பேறிக்குக் காரணமா கிடைக்காது!

சொன்னால் பிலமோன் அங்கேயே நின்று தேடுவான். மேற்கே புயல் கறுத்துக்கொண்டிருந்தது. அதைவிட, அவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகஃபன் அதை மறைத்துவிட்டு, மீதிக் கயிற்றைச் சுருட்டப் போனான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா சுட்ட பிரோக்கை, அந்த மீன் அடைத்த ரொட்டியை, பாதியிலேயே வைத்தான். தொலைந்த கூண்டுக்குள் ஒரு நண்டு செத்தால், அதன் வாடைக்கு இன்னொன்று நுழையும். நுழைந்தது திரும்பாது. அதை நினைத்தாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது, நண்டின் மேல் அல்ல.

ஆகஸ்டில், பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியபோது தொலைந்த கயிறு மாட்டிவிட்டது.

"காலியா வந்தாலும் நம்ம கூண்டுடா!" பிலமோன் குதித்தான்.

முதல் கூண்டு காலியாக வரவில்லை. பாதி உயரத்துக்கு வெற்று ஓடுகள். மேலே மூன்று பொன் நண்டுகள் உயிரோடு, அதில் ஒன்றுக்கு நாலே கால்கள். மஞ்சள் நைலான் ஓர் இழைகூட விட்டிருக்கவில்லை.

பிலமோன் தையலைத் தடவிப் பார்த்தான். திட்டியிருந்தால் ஆகஃபன் தாங்கியிருப்பான்.

"எத்தனை?"

"நாப்பதும், மச்சான்."

இடுப்புக் கத்தியை எடுத்து அவன் கையில் வைத்தான் பிலமோன்.

"வெட்டு."

தையலை வெட்டினான். மூன்று நண்டுகளும் தண்ணீரில் விழுந்தன. பிலமோன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான். இம்முறை பாவமில்லை என்று சொல்லவில்லை. அடுத்த கூண்டு மேலே வந்துகொண்டிருந்தது.