அக்கா ஏறிய பாய்மரப் படகு

கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஓர் ஓவியம் தொங்குகிறது. பிரெஞ்சு பாணியாம், நர்ஸ் சொன்னாள். விடிகாலைக் கடல், ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு. என் கண்ணுக்கு யாரோ தூரிகையை உதறிவிட்டுப் போனது போலத்தான் இருந்தது. அக்காவோ முதல் நாளே அந்தப் படகில் ஏறிவிட்டாள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. திரைச்சீலை தைப்பவள், ஊசியில் நூல் கோக்கக்கூட என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், "தண்ணி அசையுதுடி. பாய்ல காத்து நெறஞ்சிருக்கு" என்பாள். பேர் சொல்லிக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. நானும் கொஞ்சம் கிறங்கித்தான் போவேன், படத்தைப் பார்த்தல்ல, அவள் முகத்தைப் பார்த்து.

ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். காரணம் கேட்டால் மழுப்பல். நான் கத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மங்கலாப் பாக்கறதாலதான் அது கடலா இருக்கோ என்னவோ. கண்ணு தெளிஞ்சா படகு போயிடும்."

"ஒரு படகுக்காகக் குருடியா இருக்கப் போறியா?"

"ஒனக்கென்ன. நீ ஒரு தடவையாவது அத ஒழுங்காப் பாத்திருக்கியா?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை, இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷனுக்குப் படுக்க வைத்தேன்.

மறுநாள் வலது கண் கட்டைப் பிரித்ததும் டாக்டருக்கு நன்றிகூடச் சொல்லாமல் நேரே ஓவியத்திடம் போனாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். துணியில் இழை பார்க்கிற பழக்கம் விடுமா, மூக்கு படும் அளவுக்கு நெருங்கி நின்றாள். தோள்கள் தொங்கிப்போயின.

"வெறும் சாயம்டி. திட்டுத் திட்டா. படகும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அழுதுவிட்டாள். அழக்கூடாது என்று நர்ஸ் பதறினாள். நான்தானே இழுத்து வந்தேன்.

"துணியப் பாக்கற மாதிரி பாக்காத. பின்னாடி வா."

தோளைப் பிடித்துப் பின்னாலேயே நடத்தினேன், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலில் இடிக்கும்வரை. போகப்போகத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இளஞ்சிவப்பு வானமானது. பாய் மெல்ல உப்பியது. தண்ணீர் அசைந்தது, சத்தியமாக எனக்கே அசைந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ தெரியாது.

"படகுல ரெண்டு பேர் இருக்காங்கடி," என்றாள் அக்கா. "இத்தன நாளா தெரியல."

பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ நரையா? கண்ணுக்குக் கீழ என்னடி இது, எப்ப வந்துச்சு?"

நரையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன்.

அக்கா எழுந்து, மெல்லப் பின்னால் நகர்ந்து, ஓவியத்துப் படகுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகு முட்ட நின்றாள். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"இங்கேருந்து பாத்தா அப்படியேதான் இருக்க."